தெருவுக்கெல்லாம் ஒரே நம்பர்

“மென்மையான பேச்சும், பயனாளிகளின் அந்தரங்கத்தைப் பேணும் பண்பும், நவீனத் தொழில்நுட்பத்தில் இயல்பான ஈடுபாடும் கொண்ட இளம் தன்னார்வலர்.”

இணையம் எட்டாதவர்களுக்கு அதை எட்ட வைக்கும் அரசுத் திட்டம் ஒன்றின் ஆண்டறிக்கையில், ஒரு வண்ணப் படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது. படத்தில் இருப்பவர் மாவு மில் நடத்துகிறவர். தெருவில் அவருக்கு மில்லக்கா என்று பெயர். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அறிக்கை எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அவர் மில்லக்காவை நேரில் பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டியதுகூட இல்லை. பேருந்து நிறுத்தத்தில் இறங்கி நின்றிருந்தாலே காதில் விழுந்திருக்கும். மில் ஓடும்போது பேசிப் பேசி, ஓடாதபோதும் அதே சுருதியில் பேசப் பழகிவிட்ட குரல் அது. ரகசியம் பேச வேண்டுமென்றால் மில்லக்கா கதவைச் சாத்திக்கொள்வார். அதனால் தெருவுக்கு எந்த நஷ்டமும் ஏற்பட்டதில்லை. இளமையைப் பற்றி அவருடைய முழங்கால்களிடம்தான் விசாரிக்க வேண்டும். தொழில்நுட்ப ஈடுபாடு என்று பார்த்தால், அவருடைய கைபேசி மேல் எப்போதும் ஒரு படலம் மாவு இருக்கும். விரல் வைத்துத் திறக்கும் வசதி ஒருநாளும் அவரை அடையாளம் கண்டுகொண்டதில்லை. மிளகாய் அரைத்த நாட்களில் அந்தக் கைபேசியைக் காதில் வைத்தவர்கள் தும்மிக்கொண்டே பேசினார்கள்.

இப்படிப்பட்டவர் எப்படித் தேர்வானார் என்றால், முறைப்படிதான் தேர்வானார். ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் “இணையத் தோழி” வேண்டும் என்று திட்டம் சொன்னது. அதற்கான கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. மில்லக்கா அங்கே போனது மின்சாரம் குறைவாக வருவதைப் பற்றிச் சண்டை போட. அலுவலர் என்று ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும், அவர் எந்தத் துறை என்று மில்லக்கா பார்ப்பதில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த திட்ட அலுவலர், யாராவது ஒரு பெண்ணின் பெயரை எழுதாமல் எழுந்து போக முடியாத நிலையில் இருந்தார். மற்ற பெண்கள் எல்லோரும் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

“உங்ககிட்ட ஸ்மார்ட்போன் இருக்காம்மா?”

“இருக்கு. இருந்து என்ன பிரயோஜனம்? சார்ஜே ஏற மாட்டேங்குது. வோல்டேஜ் இருந்தாத்தான ஏறும்?”

அலுவலர் முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பயிற்சி வகுப்பில் குளிர்சாதனம் நன்றாக இருந்ததால் மில்லக்கா நன்றாகத் தூங்கினார். விழித்திருந்த நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“போன் இல்லாதவங்க இதையெல்லாம் எப்படிப் பண்றது?”

“அவங்களுக்காகத்தான்மா இந்த ஆப்பையே செஞ்சிருக்கோம்” என்றார் பயிற்சி கொடுத்தவர், பெருமையாக.

“சரி, அவங்க அத எதுல பாப்பாங்க?”

பயிற்சி கொடுத்தவர் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்த தவறு, தவறு செய்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் நடந்தது. கைபேசி வருவதற்கு முந்திய காலத்தில் அந்தத் தெருவில் தொலைபேசி இருந்தது மில்லில் மட்டும்தான். வேலைக்கு மனுப் போட்டாலும், பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், தெருவில் எல்லோரும் மில் நம்பரைத்தான் கொடுத்தார்கள். மணி அடித்தால் மில்லக்கா வாசலுக்கு வந்து ஒரு குரல் கொடுப்பார்; வேண்டியவர் ஓடி வருவார். தொடர்பு எண் என்றால் அவரைப் பொறுத்தவரை அவ்வளவுதான். யாரை எங்கே கூப்பிட்டால் ஆள் கிடைக்குமோ, அது.

எனவே, மில்லுக்கு எதிரே புதிதாகத் திறந்த அரசு சேவை மையத்தில் தெருக்காரர்களை ஒவ்வொருவராகப் பதிவு செய்தபோது, கைபேசி இல்லாதவர்கள் எல்லோருக்கும் மில்லக்கா தன் நம்பரைக் கொடுத்தார். மையத்தில் கணினி முன் உட்காரும் பெண் ஒருமுறை தயங்கினாள்.

“அக்கா, எல்லாருக்கும் ஒரே நம்பர் போடலாமான்னு தெரியல.”

“கட்டம் சிவப்பா மாறுதா?”

“இல்ல, பச்சையாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன? மெஷினுக்கே ஆட்சேபணை இல்ல, உனக்கென்ன வந்துச்சு?”

இப்படியாக அந்தத் தெரு இணையத்தில் இணைந்தது.

இணைந்த விதத்தைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும். யாராவது மையத்துக்குப் போய் ஏதாவது கேட்டால், மையத்துப் பெண் விவரங்களைத் தட்டுவாள். ஓடிபி என்னும் ரகசிய எண், சாலைக்கு இந்தப் பக்கம் மில்லக்காவின் கைபேசிக்கு வரும். அந்த எண் யாருக்கு என்று செய்தியில் இருக்காது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மட்டும் இருக்கும். மில்லக்கா மில்லை நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவார்.

“நாலு, ரெண்டு, ரெண்டு, ஒம்போது. யாருக்குடி?”

“தையக்கார அண்ணனுக்குக்கா. கண் பரிசோதனைக்கு.”

“அவருக்கு எதுக்குக் கண் பரிசோதனை? என் ரவிக்கையக் கோணையாத் தைச்சப்பவே நான் சொன்னேன்.”

தெருவில் யாருக்கு எந்த வைத்தியம், யாருடைய மகன் எந்தப் படிப்புக்கு மனுப் போட்டிருக்கிறான், எந்த வீட்டில் கணவனும் மனைவியும் தனித்தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் வேகம் குறையாமல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தரங்கம் என்று பார்த்தால் பேரழிவு. பாதுகாப்பு என்று பார்த்தால் கதை வேறு. ஒருமுறை எவனோ ஒருவன் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, இப்போது ஒரு எண் வரும், அதைச் சொல்லுங்கள் என்று மில்லக்காவிடம் கேட்டான். அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டு, வழக்கம்போல வாசலுக்கு வந்து, எண்ணைத் தெருவுக்கு அறிவித்து, யாருக்கு என்று கேட்டார். யாரும் தனக்கு என்று சொல்லவில்லை. “இங்க யாருக்கும் வேணாமாம்ப்பா, வேற தெருவுல கேட்டுப் பாரு” என்று அவன் மறுபடி கூப்பிட்டபோது சொல்லிவிட்டு மில்லை ஓட்டப் போய்விட்டார். பூட்டிப் பூட்டிக் காத்தவர்கள் பலர் அந்த ஆண்டு ஏமாந்தார்கள். எல்லாவற்றையும் தெருவில் கொட்டி வைத்திருந்த இந்தத் தெருவில் ஒருவரும் ஏமாறவில்லை.

தெருவில் இதையெல்லாம் அதிகம் கேலி செய்தவர் கண்டக்டர். பேருந்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். மில்லக்காவுடைய அக்காவின் கணவர். அடுத்த வீட்டிலேயே இருந்தார். கைபேசி வைத்துக்கொள்ளச் சொன்னால், “சர்வீஸ் முழுக்க அடுத்தவன் சில்லறைக்குப் பதில் சொன்னவன் நான். ரிட்டயர் ஆனப்புறமும் எவனோ மணி அடிச்சா நான் பதில் சொல்லணுமா?” என்பார். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரந்தோறும் முறை வைத்து, அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரத்தில் படுத்து எழ வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரியும் அந்த ஆண்டுதான் நவீனமானது. ஒவ்வொரு முறைக்கும் முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குள், கைபேசிக்கு வரும் எண்ணைத் தட்டி, வருகிறேன் என்று உறுதி செய்ய வேண்டும். தவறினால் இடம் வரிசையில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். காத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஒரு தடவை ஆஸ்பத்திரிக் கணினி மக்கர் செய்து இவருடைய முறை தவறிப்போனது. இரண்டு நாளில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே ஆம்புலன்ஸில் போனார். போகும்போது ஒரு கேலியும் பேசவில்லை. அதைத்தான் மில்லக்காவின் அக்கா பிறகு பலமுறை சொல்லிச் சொல்லிப் பயந்தார்.

அதற்குப் பிறகு மில்லக்கா, ஆஸ்பத்திரி எண் வரும் நாளில் மில்லை ஓட்டுவதில்லை. சத்தத்தில் செய்தி வந்தது தெரியாமல் போய்விடக் கூடாது என்று, கைபேசியை எதிரில் வைத்து அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த நிலையில், தலைமையகத்தில் இருந்த கணினி கடைசியில் விழித்துக்கொண்டது. ஒரே நம்பரில் இத்தனை பேரா என்று அதற்குச் சந்தேகம் வந்தது. அதன் கண்ணுக்கு அந்தத் தெரு ஒரே ஆள். அந்த ஆள் ஒரே வாரத்தில் முதியோர் உதவிக்கும் பேறுகால உதவிக்கும் விண்ணப்பித்திருந்தார். கண் புரைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே ஓட்டுநர் உரிமம் கேட்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலையில், மோசடி என்று முடிவு செய்து அந்த நம்பரைக் கணினி முடக்கியது.

மில்லக்கா திட்ட அலுவலரிடம் போனார். அலுவலர் கெட்டவர் அல்ல. உதவி செய்ய முடியாத நாற்காலியில் உட்கார வைக்கப்பட்ட நல்லவர்.

“நான் பிளாக் பண்ணலம்மா. சிஸ்டம் பண்ணிடுச்சு.”

“சிஸ்டம்னா யாரு? எந்த ரூம்ல உக்காந்திருக்காரு?”

“அது ஆள் இல்லம்மா.”

“ஆள் இல்லாமயா இவ்வளவு அதிகாரம் பண்ணுது? சரி விடுங்க. மாமாவுக்கு மட்டும் வேற நம்பர் மாத்திக் குடுங்க. புதுசா ஒண்ணு வாங்கிட்டே வந்துட்டேன்.”

அலுவலர் கணினியில் தட்டினார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நம்பரை மாற்ற வேண்டுமானால், மாற்றச் சொன்னது உரியவர்தானா என்று உறுதி செய்ய, பழைய நம்பருக்கு ஒரு எண் வரும். அதைச் சொல்ல வேண்டும். பழைய நம்பர் முடக்கப்பட்டிருந்தது.

“அப்ப முடக்கினத எடுங்க.”

“அதுக்கு ஒவ்வொருத்தரும் அவங்கவங்க சொந்த நம்பருக்கு மாறியிருக்கணும்மா.”

மில்லக்கா நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரை அறிந்தவர்கள் அந்த நேரத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள்.

“வியாழக்கிழமை மாமாவுக்கு முறை. நாளை மறுநாள் அஞ்சு மணிக்குள்ள சொல்லியாகணும். ஆஸ்பத்திரில நேர்ல போய்க் கேட்டா, எல்லாம் கம்ப்யூட்டர்தான், எங்க கையில இல்லங்கறாங்க. இங்க வந்தா நீங்களும் அதையே சொல்றீங்க. அப்ப யார் கையிலதான் இருக்கு?”

அலுவலர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “புதன்கிழமை கூட்டத்துக்கு டைரக்டர் மேடம் வர்றாங்க. அவங்க சொன்னா நடக்கும். ஆனா நான் சொன்னதாச் சொல்லிடாதீங்க.”

“டைரக்டர்கிட்ட கேக்கச் சொன்னீங்கன்னு சொல்ல மாட்டேன்” என்று மில்லக்கா உறுதியளித்தார். அதை அடுத்த அறையில் இருந்தவர்களும் கேட்டார்கள்.

அந்தப் புதன்கிழமைக் கூட்டம் என்பது விதிப்படி ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள் பங்கேற்புக் கூட்டம். கைபேசி இல்லாதவர்கள் தங்கள் குறைகளை நேரில் சொல்வதற்கானது. அவர்களுக்கு அழைப்பு குறுஞ்செய்தியாகப் போகும். அதனால் எந்த ஆண்டும் யாரும் வந்ததில்லை. மக்களுக்குக் குறை ஒன்றுமில்லை என்று அறிக்கையில் எழுதிவந்தார்கள். இந்த ஆண்டு அழைப்புகள், நம்பர் முடங்குவதற்கு முந்தின வாரமே மில்லக்காவின் கைபேசிக்கு வந்து சேர்ந்திருந்தன. அவர் வாசலில் நின்று எல்லோரையும் அழைத்திருந்தார். தேநீர் உண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டார். அது செய்தியில் இல்லை.

ஆகவே புதன்கிழமை மதியம் சமுதாயக் கூடம் நிரம்பிவிட்டது. நாற்காலி போதாமல் தையல்காரர் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்தார். கண்டக்டர் முன்வரிசையில், வீங்கிய காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்திருந்தார். பக்கத்தில் அக்கா. இயக்குநர் உள்ளே வந்து, ஒரு கணம் வேறு கூட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று வெளியே போகப் பார்த்தார். பிறகு மகிழ்ந்து போனார். அழைத்து வந்திருந்த புகைப்படக்காரரிடம் எல்லாக் கோணத்திலும் எடுக்கச் சொன்னார்.

சிக்கல் வருகைப் பதிவில் தொடங்கியது. இந்தத் திட்டத்தில் வருகையும் கணினி வழியாகத்தான். மையத்துப் பெண் மடிக்கணினியில் ஒவ்வொருவருடைய அடையாள எண்ணையும் தட்ட வேண்டும். அவருடைய பதிவான கைபேசிக்கு ஒரு எண் வரும். அதைச் சொன்னால் ஆள் வந்ததாகக் கணக்கு. அவள் எல்லோருடையதையும் தட்டி முடித்தாள். முன்சுவரில் இருந்த பெரிய திரையில் எண்ணிக்கை நின்ற இடத்திலேயே நின்றது.

பங்கேற்றோர்: 0.

“கூட்டம் நிரம்பி வழியுது. ஜீரோ காட்டுதே?” என்றார் இயக்குநர்.

அலுவலர் காதோடு காதாக விளக்கினார். இயக்குநர் முகம் மாறியது. படங்கள் எடுத்தாகிவிட்டது. படத்தில் ஊரே இருந்தது. கணக்கில் ஒருவரும் இல்லை. இதை மேலே அனுப்பினால் நாற்காலிக்கு வாடகை கொடுத்த செலவைக்கூட நியாயப்படுத்த முடியாது.

“அப்ப நாங்க வரலீங்களா மேடம்?” என்று கண்டக்டர் கேட்டார். “வரலேன்னா சொல்லிடுங்க. வீட்டுக்குப் போயிடறோம்.”

“உக்காருங்க மாமா” என்றார் மில்லக்கா. “வந்தோம்னு அவங்க ஒத்துக்கற வரைக்கும் போகக் கூடாது.”

இயக்குநர் வெளியே போய்த் தலைமையகத்துடன் நீண்ட நேரம் பேசினார். திரும்பி வந்து, முடக்கிய நம்பரை வருகைப் பதிவுக்காக மட்டும் அரைமணி நேரம் திறக்கச் சொல்லியிருப்பதாக அறிவித்தார். கதவுக்கு மேலிருந்த கடிகாரத்தில் நாலரை தாண்டியிருந்தது.

அரசு வேலை அவ்வளவு சீக்கிரம் நடந்ததைப் பார்த்து அலுவலரே திகைத்துப்போனார். மில்லக்காவின் கையில் கைபேசி அலறத் தொடங்கியது. தேங்கிக் கிடந்த வருகை எண்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

“சொல்லுங்கம்மா” என்றார் இயக்குநர், பேனாவைத் திறந்துகொண்டு.

மில்லக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஆனால் பார்த்தது கைபேசியை அல்ல, மையத்துப் பெண்ணை.

“ஏம்மா, ஆஸ்பத்திரிப் பக்கத்தத் தொற. முதல்ல மாமாவோடது.”

“இது வருகைப் பதிவுக்காகத் தொறந்தது” என்றார் இயக்குநர். “ஆஸ்பத்திரி வேற துறைம்மா.”

“துறை வேற மேடம். ஆளு அதே ஆளுதான?”

“விதியில அதுக்கு இடமில்லையே.”

அக்கா எழுந்தார். எந்தக் கூட்டத்திலும் பேசிப் பழக்கமில்லாதவர். “போன தடவ தவறினப்ப இவருக்கு மூச்சு நின்னு நின்னு வந்துச்சுங்க” என்றார். சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

“நான் இல்லாமப் போனா உங்க கணக்குலயும் ஒண்ணு குறையும் மேடம்” என்றார் கண்டக்டர், மனைவியின் கையைப் பிடித்து உட்கார வைத்தபடி. “ரவுண்டா வராது.”

இயக்குநர் திரையிலிருந்த பூஜ்யத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் கண்டக்டரின் காலைப் பார்த்தார். மையத்துப் பெண் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் ஏற்கெனவே பெரிய திரையில் திறந்திருந்தது.

முதல் முயற்சி வீணானது. வருகை எண்களின் நெரிசலில் ஆஸ்பத்திரி எண் எங்கோ சிக்கிக்கொண்டு, மில்லக்கா அதைத் தேடி எடுப்பதற்குள் காலாவதியாகிவிட்டது. இன்னும் ஒரு முயற்சிதான் மீதம் என்று திரை எச்சரித்தது. கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

“தட்டு” என்றார் மில்லக்கா. “வருகை நம்பரெல்லாம் நாலு இலக்கம். ஆஸ்பத்திரியோடது ஆறு. நீளமா வர்றது நம்மளது.”

கைபேசி ஒருமுறை துடித்தது. இன்னொரு நாலு இலக்கம். மறுபடி துடித்தது. மில்லக்கா திரையைப் புடவைத் தலைப்பால் அழுந்தத் துடைத்து, மூக்கருகே கொண்டு போனார்.

“எட்டு. பூஜ்யம். மூணு. மூணு. ஒண்ணு. ஆறு.”

மைக் அணைந்திருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. இயக்குநர் அனிச்சையாக, “அது ரகசிய எண்ணும்மா, மெதுவாச் சொல்லலாமே” என்றார்.

“யாருக்கு மேடம் ரகசியம்? உரியவர் அங்கதான் உக்காந்திருக்காரு. அவருக்குக் காது வேற கொஞ்சம் மந்தம்.”

திரை சற்று நேரம் வட்டம் போட்டது. பிறகு பச்சையானது. வியாழன் காலை முறை உறுதி செய்யப்பட்டது என்று வந்தது. அக்கா முகத்தை மூடிக்கொண்டார். கண்டக்டர், “ஜன்னலோர சீட்டா குடுத்திருக்கான்?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு மில்லக்கா வருகை எண்களையும் படித்தார். ஒன்று விடாமல் படித்தார். ஒவ்வொன்றுக்கும் திரையில் எண்ணிக்கை ஏறியது. ஊரிலேயே மக்கள் பங்கேற்பு மிகுந்த தெரு என்று அந்தத் தெரு பெயர் வாங்கியது அன்றைக்குத்தான். வந்ததாகப் பதிவானவர்கள் கேட்டதற்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று விதி இருந்தது. யாரும் வராத ஆண்டுகளில் அந்த விதி யாரையும் தொந்தரவு செய்ததில்லை. கைபேசி இல்லாதவர்கள் நம்பிக்கையான பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுக்கலாம் என்று ஆக்க வேண்டும், அதுவரை முடக்கக் கூடாது என்று தையல்காரர் ஜன்னல் கட்டையிலிருந்து கேட்டார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். வேறு வழியில்லாமல் அது பதிவானது.

அரைமணி நேரம் முடிந்த பிறகும் இயக்குநர் நம்பரை மறுபடி முடக்கவிடவில்லை. எழுத்தில் பதில் போகும்வரை திறந்திருக்கட்டும் என்றார். சில மாதம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. ஒரு கைபேசிக்கு இத்தனை பேர்தான் என்று அது வரம்பு வைத்தது. ஆகவே தெருவை வீடு வீடாகப் பங்கு போட்டார்கள். தையல்காரர் கொஞ்சம் பேரை எடுத்துக்கொண்டார், மையத்துப் பெண் கொஞ்சம், முன்பு தரையில் தேடிக்கொண்டிருந்த பெண்கள் கொஞ்சம். அதே சுற்றறிக்கை, இணையத் தோழியாக இருப்பவர் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்றும், ரகசியம் காப்பவராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. மில்லக்காவை நன்றி தெரிவித்து நீக்கினார்கள். நீக்கிய பிறகு அச்சான அறிக்கையில்தான் அவருடைய வண்ணப் படம் வந்தது.

படத்தின் கீழே எழுதியிருக்க வேண்டியது சுருக்கமானது. இவர் மாவு மில் நடத்துகிறார். வருகைப் பதிவுக்காகத் திறந்த அரைமணி நேரத்தில், மாலை ஐந்து மணிக்கு முன்னால், தன் அக்கா வீட்டுக்காரருக்கு வியாழக்கிழமை டயாலிசிஸ் இடத்தை உறுதி செய்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் அரசாங்கத்தின் கணக்குக்குத் தலைகளைக் கொடுத்தார்.